பல்கலைக்கழகக் கோப்புகளின் ஆயுள்: இந்திய வழக்கும் பிரிட்டன் வழக்கும்

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் தேர்வுப் பிரிவில் ஆறு ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். 2016 பொங்கல் கழிந்த வாரம், ஐம்பதைக் கடந்த ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்தார். முந்தைய டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் அவர் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் இடுப்பளவு நின்றிருக்கிறது. பீரோவின் அடித்தட்டில் இருந்த சான்றிதழ்கள் கூழாகிவிட்டன. தேறிய ஆண்டும், பாதி நினைவிலிருந்த பதிவெண்ணும் மட்டுமே அவரிடம் மிச்சம்.

பதிவறை எழுத்தர் ஏணி போட்டு ஏறி, காலிகோ அட்டை கட்டிய பெரிய பதிவேடு ஒன்றை இறக்கினார். நீல மையில் தாள்வாரியாக மதிப்பெண்கள். திருத்தம் நேர்ந்த இடங்களில் சிவப்பு மையில் கோடு, ஓரத்தில் சுருக்கொப்பம். விரலை வரிவரியாக இறக்கிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இருக்குதுங்க ஐயா. ஏப்ரல்ல ஒரு பேப்பர் போயிருக்கு. நவம்பர்ல எழுதி பாஸ் பண்ணியிருக்கீங்க."

"ஆமாம் தம்பி, புள்ளியியல்" என்றார் வந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

அது 1984ஆம் ஆண்டுப் பதிவேடு. 32 ஆண்டுகளில் அந்தப் பக்கத்தை யாராவது புரட்டியிருப்பார்களா என்பதே சந்தேகம். ஆனாலும் யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு சிறப்பு முகாம்கள் நடத்திச் சான்றிதழ் நகல்களைக் கட்டணமின்றி வழங்கியது நினைவிருக்கும். இப்படிப்பட்ட பதிவேடுகள் எங்கோ ஓர் அறையில் பத்திரமாக இருந்ததால்தான் அந்த நகல்களைக் கொடுக்க முடிந்தது.

அதே ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்தில் வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே ஒரு சேர்க்கை விண்ணப்பத்தின் முதல் பக்கம். ஒரு பெண்ணின் பெயர், சாதி, தந்தையின் தொழில், ஆண்டு வருமானம், வீட்டு முகவரி, புகைப்படத்தைப் பிய்த்தெடுத்த பசைத் தடம். எந்தக் கல்வி நிலையம் என்பதும் அதில் அச்சாகியிருந்தது. கடலையை வாயில் போட மனம் வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கொளுத்தினேன்.

ஒரு தாளைக் கண்ணை இமை காப்பதுபோலக் காத்தோம். இன்னொரு தாளைக் கடலை மடிக்க விட்டோம். எதை எத்தனை நாள் வைப்பது, எப்போது எப்படிக் கழிப்பது என்பது ஏதோ அலுவலகச் சில்லறை வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அப்படி நினைக்க முடியவில்லை. பிற நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். பிரிட்டனின் நடைமுறையையும் நம்முடையதையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அந்தத் தேடலில் வந்ததுதான்.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு பிறந்தவை. தேர்வு நடத்துவது, பதிவேடு எழுதுவது, பதிவாளர் என்றொரு பதவி என எல்லாம் அங்கிருந்து வந்தவை. தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையும் இரு நாடுகளிலும் ஒரே ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டம் 2000இல் இயற்றப்பட்டு 2005 ஜனவரியில் முழுமையாக அமலானது. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபரில் அமலானது. ஒரே வேரில் கிளைத்த இரண்டு மரங்கள் என்பதால், எங்கே எப்படி வளைந்தன என்று பார்ப்பதில் பயன் இருக்கிறது.

நம் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தியாவில் பொது ஆவணங்களுக்கென்று இருப்பது 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டம். அதன் விதிகள் 1997இல் வந்தன. விதித்த முறைப்படி அன்றி எந்தப் பொது ஆவணத்தையும் அழிக்கக் கூடாது என்கிறது அதன் எட்டாம் பிரிவு. 1892க்கு முந்தைய ஆவணம் என்றால், இனி எதற்கும் உதவாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்று ஆவணக் காப்பகத் தலைமை கருதினாலொழிய அழிக்கவே முடியாது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வோர் அலுவலகமும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்க வேண்டும். 25 ஆண்டுகளைக் கடந்த கோப்புகளை அவர் தேசிய ஆவணக் காப்பகத்தோடு கலந்து மதிப்பிட வேண்டும்.

நல்ல சட்டம். ஆனால் அதன் கை மத்திய அரசு வரைக்கும், மத்திய அரசின் கட்டுப்பாட்டிலோ பெரும்பகுதி நிதியிலோ இயங்கும் நிறுவனங்கள் வரைக்கும்தான் நீளும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் அதற்குள் வரும். மாநிலச் சட்டத்தால் இயங்கும் சென்னைப் பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் வரமாட்டா. தமிழ்நாட்டு மாணவர்களில் மிகப் பெரும்பாலோரின் ஏடுகள் இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கின்றன.

அங்கெல்லாம் கோப்புகளின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அரசு அலுவலகப் பழக்கம். நம் அரசுக் கடிதங்களின் தலைப்பில் எண்ணோடு சேர்ந்து ஓ.மு., மூ.மு., ப.மு. என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. ஒரு விவகாரம் முடிந்ததும் அந்தக் கோப்பு இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்பதை அந்த எண்ணிலேயே எழுதிவிடும் முறை அது. நான் மிகவும் மதிக்கும் முறை. கோப்பு மூடப்படும் நாளிலேயே அதன் கடைசி நாளும் குறிக்கப்பட்டுவிடுகிறது. எண்ணைக் குறித்தவரே அந்தக் கடைசி நாள் வரை அதே நாற்காலியில் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். மூ.மு. என்று குறித்த கட்டு பதினைந்து ஆண்டுகளாகச் சிவப்புத் துணிக்குள் கிடக்கும். கழிக்கக் கையெழுத்துப் போட யாருக்கும் துணிவு வராது. "நாளைக்குத் தணிக்கையில கேட்டா நீயா பதில் சொல்லுவே?" என்று எங்கள் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர் சொல்வார். வைத்திருந்ததற்காக யாரும் தண்டிக்கப்பட்டதில்லை. கழித்ததற்காக மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. எனவே எல்லாம் குவியும். குவிந்து, இடம் இல்லாமல் போய், ஒரு நாள் புதிய கணினிகள் வைக்க அறை வேண்டும் என்று மேலிடம் சொன்னதும், கட்டுக் கட்டாக எடைக்குப் போகும். ஓ.மு., ப.மு. எல்லாம் அன்று ஒரே தராசில் ஏறிவிடும்.

பிரிட்டனில் கேள்வியே வேறு. "இதை எதற்காக வைத்திருக்கிறாய்?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. தனிநபர் தரவை அதன் நோக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. 2018இல் அது அமலானது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் பிரிட்டன் அதைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. ஆகவே அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு வகைத் தாளுக்கும் ஒரு காலத்தையும், அந்தக் காலத்துக்கு ஒரு காரணத்தையும் எழுதிய அட்டவணையைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிடுகின்றன. ஜிஸ்க் என்ற அமைப்பு உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே ஒரு மாதிரி அட்டவணையைத் தயாரித்துத் தந்திருக்கிறது.

அந்த அட்டவணைகளில் திரும்பத் திரும்ப வரும் எண் ஆறு. மாணவர் படிப்பை முடித்தோ இடையில் நின்றோ போன நாளிலிருந்து ஆறு ஆண்டுகள். ஏன் ஆறு? இங்கிலாந்தின் 1980ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின்படி, ஒப்பந்த மீறல் என்று வழக்குப் போட ஆறு ஆண்டுகள் அவகாசம் உண்டு. மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இருப்பதும் ஒப்பந்தம்தானே. வழக்கு வரக்கூடிய காலம் வரை சாட்சியம் வேண்டும். அந்தக் காலம் போய்விட்டால் பிறர் குடும்பக் கதையை வைத்திருக்க உனக்கு என்ன உரிமை? இந்த நேர்மையான கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பிரிவில் "ஏன் பத்தாண்டு?" என்று கேட்டிருந்தால் யாருக்கும் பதில் தெரிந்திருக்காது. எப்போதும் பத்து, அவ்வளவுதான்.

இனி தாள்களுக்கு வருவோம். மதிப்பெண் பதிவேட்டில் இரு நாடுகளுக்கும் வேறுபாடு இல்லை. யார், என்ன படித்தார், எதில் என்ன பெற்றார், எப்போது பட்டம் பெற்றார் என்ற அந்த ஒற்றை வரி இங்கும் நிரந்தரம், அங்கும் நிரந்தரம். வேறெங்கும் இல்லாத தகவல் அது. மாணவரிடம் இருப்பது அதன் நகல் மட்டுமே. இதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

விடைத்தாள் அப்படி அல்ல. இரண்டு நாடுகளும் தடுமாறும் இடம் அது. நாம் தடுமாறும் விதமும் அவர்கள் தடுமாறும் விதமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவர் 2008இல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார். தன் விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார். வாரியம் மறுத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் வழியே வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2011 ஆகஸ்ட் 9 அன்று நீதிபதிகள் ரவீந்திரனும் பட்நாயக்கும் தீர்ப்பளித்தார்கள். திருத்தப்பட்ட விடைத்தாள் ஒரு 'தகவல்' என்றும், எழுதியவருக்கு அதைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உண்டு என்றும், திருத்தியவரின் அடையாளத்தை மட்டும் மறைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொன்னது. பள்ளித் தேர்வு பற்றிய வழக்குதான் என்றாலும், பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுகளின் கதவையும் அதுதான் திறந்தது. அதுவரை விடைத்தாளைக் காட்டு என்று கேட்ட மாணவரை நாங்கள் பார்த்த பார்வையே வேறு.

அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. வாரியத்தின் அப்போதைய விதிப்படி விடைத்தாள்கள் மூன்று மாதம் மட்டுமே வைக்கப்பட்டன. அதற்குப் பிறகு யாராவது கேட்டால்? இருக்கும் தகவலைத்தான் கொடுக்க வேண்டுமே தவிர, விதிப்படி கழித்துவிட்டதைக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றது நீதிமன்றம். தகவல் சட்டத்தில் 20 ஆண்டு என்றொரு கணக்கு வருகிறது. அதைக் காட்டி எல்லாத் தாளையும் 20 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று வாதிட முடியாது என்பதையும் தெளிவாக்கியது. சட்டப்படி இது சரி. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? மாணவரின் உரிமை எவ்வளவு நாள் உயிரோடிருக்கும் என்பதை, அந்த உரிமைக்குக் கட்டுப்பட வேண்டிய அலுவலகமே தீர்மானிக்கிறது. மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். முடிவு வெளியாகி, மறுகூட்டலுக்குப் பணம் கட்டி, அதன் பதில் வந்து, அதிலும் சந்தேகம் தீராமல் தகவல் மனு எழுதி, முப்பது நாள் காத்திருந்து, மேல்முறையீடு செய்வதற்குள் மூன்று மாதம் எங்கே போனதென்றே தெரியாது.

நானும் இதில் அடிபட்டவன். பட்டப் படிப்பின் கடைசிப் பருவத்தில் ஒரு தாளில் 31 மதிப்பெண் வந்தது. எப்படிக் குறைந்தது என்று தெரிந்துகொள்ள நான் விண்ணப்பித்தபோது, விடைத்தாள் கழிக்கப்பட்டுவிட்டதாக இரண்டு வரிப் பதில் வந்தது. என்று கழித்தார்கள், எந்த விதிப்படி, யார் முன்னிலையில் என்ற எதுவும் அதில் இல்லை. இன்றுவரை அந்த 31 எனக்குப் புரியவில்லை. அந்தத் தாளை மறுபடி எழுதி 68 வாங்கினேன். முதல் 31 நான் எழுதியதற்குக் கிடைத்ததா, கூட்டியவரின் கைத்தவறா என்பது கழித்த தாளோடு போய்விட்டது.

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. அயர்லாந்தில் பீட்டர் நோவாக் என்ற பயிற்சிக் கணக்காயர், புத்தகத்தைத் திறந்துவைத்து எழுத அனுமதிக்கும் ஒரு தேர்விலேயே நான்கு முறை தோற்றார். கணக்காயர் கழகம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தரவுகளை எல்லாம் தர வேண்டும் என்று 2010இல் கேட்டார். கழகம் 17 ஆவணங்களைக் கொடுத்தது. விடைத்தாள் தனிநபர் தரவு அல்ல என்று சொல்லி அதை மட்டும் மறுத்தது. 2017 டிசம்பர் 20 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஒருவர் எழுதிய விடை அவருடைய அறிவையும் சிந்தனைப் போக்கையும் காட்டுவதால் அது அவருடைய தனிநபர் தரவு. திருத்தியவர் ஓரத்தில் எழுதிய குறிப்பும் அப்படியே. அதோடு, தேர்வு நடைமுறை முடிந்து இனித் தேவையில்லை என்ற நிலை வந்தபின், தன் விடைத்தாளை அழிக்கச் சொல்லவும் தேர்வருக்கு உரிமை இருக்கலாம் என்றது.

இந்த இடத்தில் இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். விடைத்தாளைப் பார்க்கலாம் என்பதில் இரண்டும் ஒன்று. ஆனால் நம் தீர்ப்பு அதை அலுவலகத்தின் கையிலுள்ள தகவலாகப் பார்க்கிறது; குடிமகன் கேட்டால் அலுவலகம் காட்ட வேண்டும். ஐரோப்பியத் தீர்ப்பு அதை மாணவரின் ஒரு பகுதியாகப் பார்க்கிறது. அலுவலகம் அதைக் கொஞ்ச காலம் வைத்திருக்கிறது, அவ்வளவே. அதனால்தான் அழிக்கச் சொல்லும் உரிமை அங்கே பிறக்கிறது. நம் தீர்ப்பில் அந்தக் கேள்வியே எழவில்லை.

ஐரோப்பாவின் தீர்ப்பு இப்படி இருக்க, பிரிட்டன் தன் 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதி வைத்திருப்பது வேறு. தேர்வர் எழுதிய விடைகளைத் தரவுக் கோரிக்கை வழியே பெற முடியாது என்று அதில் தனி விலக்கு இருக்கிறது. திருத்தியவரின் குறிப்புகளைக் கேட்கலாம். தான் எழுதியதைக் கேட்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் பிரிட்டன் மாணவரைவிட நம் மாணவர் மேலான நிலையில் இருக்கிறார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கொல்கத்தாவில் பள்ளி மாணவர் ஒருவர் போராடிப் பெற்றுத் தந்த உரிமை அது.

ஆனால் காலக்கணக்கில் அவர்கள் நிதானம் நம்மிடம் இல்லை. அங்கே ஒரு மாணவர் தன் பல்கலைக்கழகத்தின் இறுதிப் பதிலில் திருப்தி இல்லையென்றால், சுயேச்சையாக இயங்கும் ஒரு குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு 12 மாதங்களுக்குள் போகலாம். முறையீட்டுக்கு இடம் இருக்கும்வரை அதற்கான சாட்சியமும் இருக்க வேண்டும் என்பது எளிய தர்க்கம். 2022இல் இங்கிலாந்தின் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பு இன்னும் ஒருபடி மேலே போனது. மதிப்பிடப்பட்ட மாணவர் வேலைகளைப் படிப்பு முடிந்து ஐந்தாண்டு வரை வைத்திருக்க வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதாகச் சொன்னது. மதிப்பெண்கள் காரணமின்றி ஏறிக்கொண்டே போகின்றனவா என்று பின்னோக்கிச் சோதிக்கத் தாள் வேண்டுமே. இவ்வளவையும் எங்கே வைப்பது என்ற கவலை பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஐந்தாண்டு அதிகம் என்று நானும் நினைக்கிறேன். மூன்று மாதம் மிகக் குறைவு. முடிவு வெளியான நாளிலிருந்து ஓராண்டு. மறுமதிப்பீடோ தகவல் மனுவோ வழக்கோ நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை. இதுதான் என் கணக்கு. மனு நிலுவையில் உள்ளதைக் கழிப்பதை இரு நாட்டுச் சட்டங்களும் தண்டிக்கின்றன. நம் தகவல் சட்டத்தின் இருபதாம் பிரிவு, மனுவில் கேட்கப்பட்ட தகவலை அழிப்பவருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் என்று 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பிரிட்டனிலோ கேட்ட ஆவணத்தைக் கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றே அழிப்பது குற்றவியல் குற்றம்.

பொட்டலத்துக்குத் திரும்புகிறேன். சேர்க்கை விண்ணப்பம், வருமானச் சான்று, சாதிச் சான்று நகல், விடுதி விண்ணப்பம், மருத்துவச் சான்று, இப்போது ஆதார் நகலும். இவை எல்லாம் மாணவர் உள்ளே வரும் நாளில் தேவைப்படுகின்றன. உதவித்தொகைத் தணிக்கை முடியும்வரை சில தேவைப்படும். அதற்குப் பிறகு அந்த மாணவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. பிறர் கையில் கிடைத்தால் கேடு உண்டு. நம் அலுவலகங்களில் மிக நீண்ட காலம் கிடப்பவை இவைதான். ஒரு மாணவரின் விடைத்தாள் சில மாதங்களில் போய்விடுகிறது. அவருடைய தந்தையின் வருமானம் எவ்வளவு என்பது இருபது ஆண்டு கழித்தும் அலமாரியில் இருக்கிறது. மாணவர் வைத்திருக்க விரும்புவதை விரைவாகக் கழிக்கிறோம். அவர் மறைய வேண்டும் என்று விரும்புவதைத் தேக்கி வைக்கிறோம். இரு நாட்டு அட்டவணைகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டபோது என்னை மிகவும் உறுத்தியது இதுதான்.

பிரிட்டனில் ஆறாம் ஆண்டு முடிவில் இவை போய்விடும். சேராமல் போனவர்களின் விண்ணப்பங்கள் அதற்கும் வெகு முன்பே. போகும் விதமும் வேறு. ரகசியக் காகிதம் என்று தனிப் பூட்டுப்பெட்டி, பொடிப்பொடியாக நறுக்கும் இயந்திரம், அழிக்கும் நிறுவனம் எழுதித் தரும் அழிப்புச் சான்று. இதற்கென்றே ஒரு தர அளவுகோல் இருக்கிறது. நம் 1997ஆம் ஆண்டு விதிகளும் பொறுப்பான அலுவலரின் முன்னிலையில் எரிக்கவோ நறுக்கவோ சொல்கின்றன. ஆனால் அந்த விதிகள் எட்டாத அலுவலகங்களில் பழைய தாள் என்பது ஏலத்துக்கு உரிய பொருள். கிலோ இத்தனை ரூபாய் என்று ஒப்பந்தப்புள்ளி கேட்டு, அதிக விலை கேட்டவருக்குக் கொடுத்து, வந்த தொகையைக் கணக்கில் வரவு வைப்பார்கள். பணத்துக்கு ரசீது இருக்கும். போன தாள்களுக்குப் பட்டியல் இருக்காது.

இவ்வளவு சொன்னதால் பிரிட்டன் முறையே சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அழிப்பதில் அவர்களுக்கு இருக்கும் சுறுசுறுப்புக்கு ஒரு கொடிய மறுபக்கம் உண்டு. 1950களிலும் 60களிலும் கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலேறிப் பிரிட்டனுக்கு வந்தவர்களின் வருகைச் சீட்டுகள் உள்துறையின் கிடங்கில் இருந்தன. அவை 2010இல் அழிக்கப்பட்டன. தனிநபர் தரவைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற நல்ல விதியைத்தான் பின்னர் காரணமாகச் சொன்னார்கள். அதே மக்களிடம், 'நீ எந்த ஆண்டு வந்தாய், ஆதாரம் காட்டு' என்று அதே உள்துறை கேட்டது. வேலையும் வீடும் மருத்துவமும் இழந்தவர்களின் கதை, விண்ட்ரஷ் விவகாரம் என்று 2018இல் நாட்டையே உலுக்கியது. பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் எந்தப் பதிவாளரும் மறக்கக் கூடாத பாடம். அலுவலகத்துக்கு ஒரு தாளின் தேவை முடிந்த நாளும், அந்தத் தாளில் பெயர் உள்ளவருக்கு அதன் தேவை முடிந்த நாளும் ஒன்றல்ல. சைதாப்பேட்டையிலிருந்து வந்தவருக்கு 32 ஆண்டு கழித்துத் தேவைப்பட்டது.

தாள் காலம் போய்க்கொண்டிருக்கிறது, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பட்டங்களும் மதிப்பெண் பட்டியல்களும் தேசியக் கல்விசார் வைப்பகத்தில், டிஜிலாக்கர் வழியே கிடைக்கின்றன. நல்ல மாற்றம், வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் கணினிக்குள்ளும் விண்ணப்பங்கள் குவிகின்றன. அங்கே இடநெருக்கடி இல்லாததால் யாருக்கும் கழிக்கும் நினைப்பே வருவதில்லை. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் நிறைவேறியதும் தரவை அழிக்க வேண்டும் என்று எட்டாம் பிரிவில் சொல்கிறது. படித்தபோது மகிழ்ந்தேன். பதினேழாம் பிரிவுக்கு வந்தபோது அந்த மகிழ்ச்சி பாதியாகிவிட்டது. அரசும் அரசின் அங்கமான அமைப்புகளும் கையாளும் தரவுக்கு அந்த அழிக்கும் கடமை பொருந்தாது என்று அங்கே எழுதியிருக்கிறது. தனியார் பல்கலைக்கழகம் அழிக்க வேண்டும், அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டாயமில்லை என்றுதான் இதற்குப் பொருள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகம் படிப்பது எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. உதவித்தொகைக்காக வீட்டு வறுமையை எழுதிக் கொடுப்பவர்களும் அவர்களே.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், ஒரு பல்கலைக்கழகம் தானாகவே இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. ஆட்சிக்குழுவில் ஒரு தீர்மானம் போதும். பிரிட்டன் போல் ஒவ்வொரு தாளுக்கும் காலமும் காரணமும் எழுதிய அட்டவணை, அதைத் தமிழில் இணையதளத்தில் வெளியிடுவது, ஆண்டுக்கு ஒரு முறை கழிப்பு. இன்னொன்றும் வேண்டும். என்ன கழித்தோம், எந்த நாளில், எந்த விதிப்படி, யார் கையெழுத்தில் என்று எழுதும் ஒரு கழிப்புப் பதிவேடு. அந்தப் பதிவேட்டை மட்டும் ஒருபோதும் கழிக்கக் கூடாது. மதிப்பெண் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே அதையும் அடுக்கி வைக்க வேண்டும். அது இருந்திருந்தால் என் 31க்கு விடை கிடைத்திருக்காது; ஆனால் அந்த இரண்டு வரிப் பதில் உண்மையா என்றாவது தெரிந்திருக்கும். பயந்து பயந்து எதையும் கழிக்காத கண்காணிப்பாளர்களுக்கும் அதுதான் கவசம். தணிக்கையில் கேட்டால் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.

இதைப் படிப்பவர் மாணவரோ, மாணவரின் பெற்றோரோ என்றால் ஒரு வேண்டுகோள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்க வேண்டும் என்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். இரண்டே கேள்விகள் போதும். என் விடைத்தாளையும் என் சேர்க்கை விண்ணப்பத்தையும் எந்த விதிப்படி எத்தனை காலம் வைத்திருக்கிறீர்கள்? கடந்த மூன்றாண்டுகளில் கழித்த ஆவணங்களின் பட்டியலைத் தர முடியுமா? முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். விடைத்தாளைப் பார்க்க விரும்பினால், முடிவு வெளியான வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.